வெளுத்த நீலம்

பைசாந்தூ இறைச்சி ஆலையில், விடியுமுன்னே,
வாஷிங்டன் பிரிஸ் மண்டையோட்டைப் பிளந்து
கத்தி நுனியால் நெம்பி எடுத்து வைப்பான்:
ஒரு கொண்டைக்கடலை, காம்போடு.
"காம்பு அறுந்தால் எனக்கு வேண்டாம்"
என்று முதல் நாளே சொல்லியிருந்தேன்.
"என்ன நெலிடா, செர்ரிப் பழமா?" என்று சிரித்தான்.

காம்புதான் பாதை.
மேலே, கண் நரம்புகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடத்துக்குப் பக்கத்தில்
சில ஆயிரம் உயிரணுக்கள் உட்கார்ந்து
நீர் காக்கும் சரக்கைச் செய்கின்றன.
செய்த இடத்தில் வைத்துக்கொள்வதில்லை.
நுண்மணிகளாய்ப் பொட்டலம் கட்டி,
துணைக்கு ஒரு புரதத்தையும் உள்ளே அமர்த்தி,
தங்கள் உடம்பின் நீண்ட வால் வழியே கீழே அனுப்புகின்றன.
ஆலை வேறு, சாலை வேறு, கிடங்கு வேறு இல்லை.
தலையில் உலை, காலடியில் பண்டகசாலை,
எல்லாம் ஒரே உயிரணு.

வால் நெடுக அங்கங்கே புடைப்பு;
மூட்டைகள் அங்கே இளைப்பாறும்.
நுனி, ரத்தக் குழாயின் சுவரில்
காது வைத்துக் கேட்பதுபோல் ஒட்டி நிற்கும்.
மேலிருந்து ஒரு மின்துடிப்பு,
அதன் பின்னாலேயே கால்சியம்.
மூட்டையின் தோல் வாசலின் தோலோடு கலந்து திறக்க
சரக்கு ரத்தத்தில்.
சிறுநீரகத்துக்குத் தகவல் போகும்:
விடாதே. ஒரு சொட்டும் விடாதே.

மொந்தெவிதேயோவில் நான் சீவுவது
மெழுகில் பொதிந்த அந்தக் கிடங்கை.
ஐந்து மைக்ரான் தடிமன்.
பெருமூச்சு விட்டால் பறந்துவிடும்,
அதனால் இந்த அறையில் யாரும் கவலைப்படுவதில்லை.
சாயத்தில் இட்டால் சரக்கு இருக்கும் இடமெல்லாம் கருநீலம்,
வெள்ளைப் பள்ளிச் சட்டையில் மை கொட்டியதுபோல.

பதினேழாம் தொகுதியில் நீலம் இல்லை.

சாயம் பழசோ என்று புதிதாய்க் கலக்கினேன்.
பதினாறாம் தொகுதியை அதே கிண்ணத்தில் முக்கினேன்,
இருட்டிக்கொண்டு வந்தது.
பதினேழு மட்டும்
விடிந்தபின் அணைக்க மறந்த விளக்கின் நிறத்தில்.
நுனிகள் இருந்தன. ரத்தக் குழாய்கள் இருந்தன.
மூட்டைதான் இல்லை.

தொலைபேசியில் வாஷிங்டன் சொன்னான்:
"அதுவா? தாக்குவரெம்போவிலிருந்து வந்த மந்தை.
பாலம் உடைஞ்சு நாலு நாள் ரயில்பெட்டியிலேயே கிடந்தது.
பிப்ரவரி வெயில், தெரியுமில்ல."
சரக்குச் சீட்டு என் மேஜையில் இருந்தது:
நாளுக்கு இரு வேளை தண்ணீர் காட்டப்பட்டது.
கையெழுத்து. முத்திரை. முத்திரையும் நீலம்தான்.

பேராசிரியர் இரியார்த்தே குனிந்து பார்த்தார்.
"தாகப்பட்ட மாடு. ஒப்பீட்டுக்கு உதவாது, தூக்கிப் போடு."
ஆய்வுக்கு அது சரி. அவரைக் குறை சொல்ல மாட்டேன்.
கண்ணாடித் தட்டை நான் தூக்கிப் போடவில்லை.
சீட்டையும் அதையும் ஒரே உறையில் போட்டு
இழுப்பறையின் அடியில் வைத்தேன்,
எந்த நீதிமன்றம் நுண்ணோக்கியில் குனியும் என்று தெரியாமலே.

அடுத்த வாரம் வந்த ஐஸ் பெட்டியில்
ஒரு சீசாவின் மேல் பென்சில் எழுத்து:
'இதுவும் அதே மந்தை. ராத்திரி நானே வாளியில் காட்டினேன்.
நீலமான்னு பார்த்துச் சொல்லு.'

சீவினேன். முக்கினேன். வெளுப்பு.
ஒரு வாளியில் நிரம்புகிற கிடங்கு அல்ல அது;
நாட்கணக்கு வேண்டும், அந்த நாட்கள் மாட்டிடம் இல்லை.
இதை அவனிடம் எப்படிச் சொல்ல?
திரும்பத் திரும்பத் தட்டை நகர்த்தினேன்,
நுனியிலிருந்து புடைப்புக்கு, புடைப்பிலிருந்து காம்புக்கு.
காம்பின் மேல்முனையில்
நாலைந்து பொட்டு. நீலம்.
புறப்பட்டு வந்துகொண்டிருந்தவை.

வெள்ளிக்கிழமை அவனே கூப்பிட்டான்.
கம்பியில் இரைச்சல், பின்னால் மாடுகளின் குரல்.
"வழியில் இருந்தது" என்றேன்.
"எது?" என்றான்.